மறுமுறையும் உதவும் மென்பொருள்



கணினியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையே வியந்து பேசுவர். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேகமன்று. கணினிக்கென எழுதப்படும் மென்பொருள் ஒரு தேவைக்கு ஒருமுறை உதவிவிட்டுக் கைவிடப்படுவதா, அன்றி மறுமுறையும், வேறொரு நாட்டிலும், எழுதியவரை அறியாத ஒருவர் கையிலும் நின்று உதவுவதா என்பதே நாம் ஆராயவிருப்பது. இது பொறியியலாளர் தமக்குள்ளே பேசித் தீர்க்கவேண்டிய விடயம் என்று எண்ணி நேயர்கள் வானொலியை நிறுத்திவிட வேண்டா. இக்கேள்விக்கு நம் நாட்டிலேயே, மிகக் கொடிய நாட்களிலே, விடை தேட நேர்ந்தது.

2004 டிசெம்பர் 26 ஆம் நாள் காலையிலே கடல் பொங்கி நம் கரையோரத்தை அழித்தது. 30,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர். வீடிழந்த இலட்சக்கணக்கான மக்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் விகாரைகளிலும் தங்கினர். உணவும் உடையும் மருந்தும் பல திசைகளிலிருந்தும் வந்து சேர்ந்தன. ஆனால், எந்த முகாமில் எத்தனை பேர் இருக்கின்றனர், எந்த நிறுவனம் எந்த ஊரில் என்ன வேலை செய்கின்றது, எங்கே எப்பொருள் வேண்டப்படுகின்றது, யார் யாரைத் தேடுகின்றனர் என்னும் செய்திகள் ஓரிடத்தில் இல்லை. செய்தி ஓரிடத்தில் இல்லாதபோது ஒரு முகாமுக்கு உதவி மேல் உதவி போய்ச் சேர, அடுத்த முகாம் வெறுங்கையோடு காத்திருப்பது எந்நாட்டிலும் நிகழ்வதே.

அவ்வேளையிலே நம் நாட்டுக் கணினித் துறையினர் பலர் தொண்டர்களாகத் திரண்டனர். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் என்னும் அமைப்பின் துணையோடு சில வாரங்களுக்குள்ளே ஒரு மென்பொருளை எழுதினர். அதற்குச் 'சஹன' என்று பெயரிட்டனர். சிங்கள மொழியிலே அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். காணாமற் போனோர் பதிவேடு, நிறுவனங்களின் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, தேவைகளையும் உதவிகளையும் பொருத்தும் பகுதி ஆகியன அதன் முக்கிய உறுப்புக்கள். முற்கூறிய நான்கு கேள்விகளுக்கும் நான்கு விடைகள் என்று கொள்ளலாம். அனர்த்த வேலைகளை ஒருங்கிணைக்க அரசாங்கம் அமைத்திருந்த தேசிய நடவடிக்கை நிலையம் அதனை 2005 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பயன்படுத்தியது.

இத்துடன் கதை முடிந்திருக்கலாம். உலகில் எழுதப்படும் மென்பொருள்களுட் பெரும்பகுதியின் கதை இவ்விடத்திலேதான் முடிகின்றது. தேவை தீர்ந்ததும் எழுதியோர் தத்தம் வேலைக்குத் திரும்புவர். எழுதப்பட்டது எங்கோ ஒரு கணினியிற் கிடக்கும். அடுத்த வெள்ளம் வரும்போது வேறு சில இளைஞர்கள் இரவுபகலாக விழித்திருந்து அதனையே முதலிலிருந்து எழுதுவர். சஹன அவ்வாறு முடியவில்லை. சுவீடன் நாட்டின் அபிவிருத்தி உதவி நிறுவனமாகிய சீடாவின் நிதியைக்கொண்டு, சுனாமிக்கென எழுதப்பட்ட அம்மென்பொருளை எந்த அனர்த்தத்துக்கும் ஏற்றதாக்கும் வேலை 2005 ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. அதே ஆண்டு ஒக்டோபர் 8 ஆம் நாள் பாக்கிஸ்தானிலே பெரும் பூமியதிர்ச்சி உண்டானபோது சஹன அங்கே சென்றது. 2006 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒரு கிராமமே மண்ணிற் புதைந்தபோதும், அதே ஆண்டு மே மாதம் யாவாவின் யோக்யகார்த்தா நகரத்தை அடுத்து நிலம் அதிர்ந்தபோதும், 2007 இல் பெருவிலும், 2010 இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. நியூயோர்க் நகரமும் சூறாவளிக் காலத்துக்குரிய தன் புகலிட ஏற்பாட்டுக்கு அதனை எடுத்துக்கொண்டது. கொழும்பிலே பிறந்த ஒரு பொருள் நியூயோர்க்குக்குப் போய்ச் சேர்ந்தது என்று நாம் மகிழலாம். ஆனால் என் நோக்கம் மகிழ்வதன்று. போவதற்கு முன் அது எவ்வாறு மாறவேண்டியிருந்திருக்கும் என்பதை ஆராய்வதே.

பெயர் எழுதும் கட்டம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். காணாமற் போனவரைப் பதியும் படிவத்திலே 'சொந்தப் பெயர்', 'குடும்பப் பெயர்' என இரு கட்டங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் தமிழருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பனார் பெயரே முன்னே நிற்கும். ஆகவே மட்டக்களப்பிலே ஒரு முகாமில் ஒருவரைத் தம் பெயராற் பதிவர். அவரைத் தேடும் தமையனார் வேறொரு முகாமில் தகப்பனார் பெயரை முதற்கட்டத்தில் எழுதுவார். இரண்டு பதிவும் சந்திக்கமாட்டா. யாவாவுக்குப் போனால் நிலைமை இன்னும் வேறு. அங்கே ஒரே பெயரோடு வாழ்பவர் பலர். சுகார்னோவும் சுகார்த்தோவும் அவ்வாறு ஒற்றைப் பெயரினரே. இரு கட்டங்களையும் நிரப்பாமல் மேலே செல்லவிடாத மென்பொருள் யோக்யகார்த்தாவிலே முதல் மனிதரிடத்திலேயே நின்றுவிடும்.

ஊர்ப் பெயரும் அப்படியே. நமக்கு மாகாணம், மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு என்று படிகள் உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டிலே அடிப்படி 'பராங்காய்' எனப்படும். நம் படிகளின் பெயர்களை மென்பொருளின் உள்ளே கல்லிற் பொறித்ததுபோல எழுதிவிட்டால் அது இலங்கைக்கு மட்டுமே உரியதாகும். 'ஓரிடம் இன்னோரிடத்தின் உள்ளே அடங்கும். எத்தனை படி என்பதையும் ஒவ்வொன்றின் பெயரையும் அந்நாட்டவர் தாமே குறித்துக்கொள்க' என்று எழுதினாலோ எந்நாட்டுக்கும் பொருந்தும்.

ஒலியொத்த பெயர்களைத் தேடும் முறையொன்று உண்டு. சவுண்டெக்ஸ் எனப்படும் அம்முறைக்கு அமெரிக்காவில் 1918 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வழங்கப்பட்டது. கணினி தோன்றுமுன் தோன்றிய அது பின்னர்க் கணினிக்கும் உதவியது. ஆனால் அது ஆங்கில எழுத்தின் ஒலிக்கு வகுக்கப்பட்டது. சண்முகம் என்பதும் ஷண்முகம் என்பதும் ஒருவரே என்று தமிழெழுத்தைக்கொண்டு அறிவதற்கு வேறு விதி வேண்டும். 'ஒலியால் ஒத்த பெயரைத் தேடு' என்னும் வேலை பொதுவானது. எவ்வொலி எவ்வொலியோடு ஒக்கும் என்பது மொழிக்குரியது.

நம் வீடுகளிலுள்ள முறுக்கு உரலை நேயர்கள் அறிவார்கள். உரலும் அழுத்தும் பிடியும் ஒன்றே. அடியில் இடும் அச்சுத் தகடு மட்டும் மாறும். ஒரு தகட்டால் முறுக்கு, இன்னொன்றால் ஓமப்பொடி. ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஒவ்வோர் உரலை வாங்குபவர் எவருமில்லை. மென்பொருளிலும் எது உரல், எது தகடு என்று பிரித்தறிவதே அருமையான வேலை. அறியாதோர் தகட்டை உரலோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுவர்.

பற்றவைப்பது பெரும்பாலும் அவசரத்தினால் நிகழ்கின்றது. ஓர் அதிகாரி வந்து, 'அம்பாறை முகாம்களிலே தாய்தந்தையரை இழந்த பிள்ளைகளின் பட்டியல் வேண்டும்' என்கின்றார் என வைத்துக்கொள்வோம். எழுதுபவர் அதற்கென ஒரு வசதியைச் செய்துகொடுக்கின்றார். மறுநாள், 'முல்லைத்தீவிலே கணவரை இழந்த பெண்களின் பட்டியல்' வேண்டப்படுகின்றது, அதற்கொன்று. மூன்றாம் நாள், 'காலி மாவட்டத்தில் மருந்து தேவைப்படும் முதியோர்'; அதற்கும் ஒன்று. மாதமொன்று கழியுமுன் நாற்பது வசதிகள் திரளும். ஒவ்வொன்றையும் எழுதியவருக்கே அதன் உட்பொருள் தெரியும். பதிவேட்டில் ஒரு கட்டம் மாறினால் நாற்பதையும் திருத்தவேண்டும். புதிய சுற்றறிக்கை வருந்தோறும் புதிய படிவம் அச்சிட்டு, பழைய படிவத்தையும் கைவிடாது அலுமாரியில் அடுக்கிவைக்கும் கச்சேரி வழக்கத்துக்கும் இதற்கும் அதிக வேற்றுமை இல்லை.

அந்நாற்பதையும் உற்றுநோக்கினால் அவற்றுள்ளே நான்கைந்து செயல்களே திரும்பத் திரும்ப வருகின்றன. பதிவேட்டிலிருந்து சிலரைத் தெரிந்தெடுத்தல், ஒருவரே இருமுறை பதியப்பட்டிருந்தால் ஒன்றாக்கல், வரிசைப்படுத்தல், எண்ணுதல், உரியவருக்கு அனுப்பல். இவற்றைத் தனித்தனியே ஆக்கி, வேண்டியவாறு கோத்துக்கொள்ள இடமளித்தால், நாற்பத்தோராவது பட்டியலை அதிகாரியே தாமாக எடுத்துக்கொள்வார். இவ்வாறு கோக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் பயன்படும் செயல்தொடரையே வேலையொழுங்கு என்கின்றோம்.

இந்த அறிவு புதிதன்று. இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொரிஸ் வில்க்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் ஆக்கிய எட்சாக் என்னும் கணினி 1949 மே 6 ஆம் நாள் முதன்முதல் இயங்கியது. அதனோடு வேலை செய்தோர், வர்க்கமூலம் காணல், வகுத்தல் போன்ற கணக்குக்களை ஒவ்வொருவரும் புதிதாக எழுதிப் பிழைவிடுவதைக் கண்டனர். ஆகவே ஒருமுறை செவ்வையாக எழுதிச் சோதித்த சிறு செய்நிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களிலே பதிந்து ஓர் அலுமாரியிற் சேர்த்துவைத்தனர். வேண்டியவர் அந்நாடாவை எடுத்துத் தம் நாடாவிலே படியெடுத்துக்கொள்வர். 1951 ஆம் ஆண்டளவில் 87 செய்நிரல்கள் அந்நூலகத்தில் இருந்தன.

அங்கே டேவிட் வீலர் என்னும் இளைஞர் செய்த உபாயம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். சிறு செய்நிரல் தன் வேலையை முடித்தபின் எங்கே திரும்புவது? ஒவ்வோரிடத்திலிருந்தும் அழைக்கப்படும் அதற்கு ஒரே திரும்பிடம் இருத்தல் முடியாது. அழைப்பவரே, 'நான் இன்ன இடத்திலிருந்து அழைக்கின்றேன்' என்று சொல்லியழைக்க, அச்செய்நிரல் அதனைக்கொண்டு திரும்பும் வழியைத் தானே அமைத்துக்கொள்ளுமாறு வீலர் செய்தார். தன்னை அழைப்பவர் யாரென்று முன்கூட்டி அறியாமலே வேலை செய்யும் ஆற்றல் அதனால் உண்டாயிற்று. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இத்துறையின் அத்திவாரங்களுள் ஒன்றாக இது நிற்கின்றது.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே இவ்வெண்ணம் இன்னொரு படி மேலே சென்றது. செய்நிரல்களைத் தோட்டத்து இறப்பர்க் குழாய்களைப்போல ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வகை வேண்டும் என்று டக்ளஸ் மக்கில்ரோய் 1964 ஆம் ஆண்டிலே குறிப்பெழுதினார். 1973 ஆம் ஆண்டிலே கென் தொம்சன் அதனை யுனிக்ஸ் என்னும் அமைப்பிலே செய்துகாட்டினார். ஒரு செய்நிரல் வெளிவிடுவதை அடுத்தது உள்ளே வாங்கும். அதன் விளைவை மற்றொன்று வாங்கும். ஒன்றுக்கொன்று அறிமுகம் வேண்டியதில்லை.

இதனைப் பற்றி ஒரு சுவையான நிகழ்ச்சி உண்டு. 1986 ஆம் ஆண்டிலே ஜோன் பென்ட்லி என்பார் தாம் ஒரு சஞ்சிகையில் எழுதிவந்த பகுதிக்காக, ஒரு நூலிலே அதிகமாக வரும் சொற்களைக் கண்டுபிடிக்கும் செய்நிரலை எழுதித்தருமாறு பேரறிஞர் டொனால்ட் குனூத்தைக் கேட்டார். குனூத் பல பக்கங்களிலே மிக நுட்பமாக எழுதினார். அதற்கு மதிப்புரை எழுதிய மக்கில்ரோய், அதன் அழகைப் பாராட்டிவிட்டு, ஏற்கெனவே இருந்த சிறு செய்நிரல்களை ஆறு கட்டளைகளாகக் கோத்து அதே வேலையைச் செய்துகாட்டினார். இதனைக் குனூத்தின் தோல்வியென்று கூறுவோர் உளர். அது நேர்மையன்று, செய்நிரலை ஓர் இலக்கியம்போல எழுதிக் காட்டுவதே அவரிடம் கேட்கப்பட்டது. ஆயினும், சேர்த்துவைத்த கருவிகள் உள்ளவனுக்கு மாலைப்பொழுதின் வேலை, அவை இல்லாதவனுக்கு மாத வேலை என்பதை அந்நிகழ்ச்சி நன்கு காட்டுகின்றது.

இவ்வளவு நன்மை இருக்க, ஏன் எல்லோரும் இவ்வாறு செய்வதில்லை? செலவே காரணம். ஐ.பி.எம். நிறுவனத்திலே ஒரு மாபெரும் மென்பொருளை ஆக்கும் வேலையை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ், 1975 இல் வெளிவந்த தம் நூலிலே இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். ஒருவர் தமக்கென எழுதும் செய்நிரலை எவரும் பயன்படுத்தத்தக்க பொருளாக்குவதற்கு மூன்று மடங்கு உழைப்பு வேண்டும். அதனைப் பிறவற்றோடு இணைந்து இயங்கும் உறுப்பாக்க இன்னும் மூன்று மடங்கு. ஆக மொத்தம் ஒன்பது மடங்கு. சோதனை செய்தல், விளக்கம் எழுதுதல், பிறர் எவ்வாறெல்லாம் தவறாகப் பயன்படுத்துவர் என்று முன்னுணர்தல் ஆகியன அம்மடங்குகளில் அடங்கும். அவ்வுழைப்பைக் கண்ணாற் காண முடியாது. புதிய வசதியொன்றை அமைச்சருக்கோ நன்கொடையாளருக்கோ காட்டிக் கைதட்டல் பெறலாம். செவ்வையாகப் பிரித்துவைத்த உறுப்பைக் காட்டி எவரும் கைதட்டல் பெற்றதில்லை.

அனர்த்த காலத்து மென்பொருளுக்கு இதிலே தனித் துன்பம் ஒன்று உண்டு. நிதியும் தொண்டரும் வந்து குவிவது கடல் பொங்கிய வாரத்திலே. அந்த ஒன்பது மடங்கு வேலையைச் செய்யவேண்டியதோ கடல் அமைதியாக இருக்கும் ஆண்டுகளிலே. அமைதிக் காலத்து வேலைக்குக் காசு தருவோர் அரியர். 2005 ஆம் ஆண்டிலே சுவீடன் மக்களின் பணம் அதற்குக் கிடைத்தது நம் நற்பேறு என்றே சொல்லவேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து நாட்டின் பல மாவட்டங்களை வெள்ளத்திலும் மண்சரிவிலும் ஆழ்த்தியது. யார் எங்கே, எவருக்கு என்ன தேவை என்பனவற்றை அன்றும் விரைந்து அறியவேண்டியிருந்தது. இத்தகைய கருவிகளைப் பேணுவதற்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்குவது, பாலத்தைப் பழுதுபார்க்க ஒதுக்குவது போன்றதொரு கடமை என்பது என் துணிபு.

மறுபயன் என்பதை நான் அளவுக்கு மீறிப் புகழ்வதாக நேயர்கள் எண்ணக்கூடும். அதிலும் ஆபத்து உண்டு. 1996 ஜூன் 4 ஆம் நாள் ஐரோப்பிய நாடுகளின் ஏரியன் 5 என்னும் ஏவுகணை தன் முதற் பயணத்திலே, புறப்பட்டு ஏறத்தாழ 40 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. ஏரியன் 4 இலே பல முறை நன்றாக வேலை செய்த மென்பொருட் பகுதியொன்றை அப்படியே எடுத்து வைத்திருந்தனர். புதிய ஏவுகணையின் கிடைவேகம் பழையதிலும் அதிகம். அவ்வேகத்திலிருந்து பெற்ற எண் தனக்கு ஒதுக்கப்பட்ட சிறிய இடத்தில் அடங்காது போகவே, வழிகாட்டும் கருவி நின்றுவிட்டது. அந்தக் கணக்கு ஏவுகணை நிலத்தை விட்டு எழுந்தபின் தேவையே இல்லாத ஒன்று என்பது இன்னும் வருந்தத்தக்கது. பழைய பகுதி தன்னோடு, 'வேகம் இவ்வளவுக்கு மேற்செல்லாது' என்னும் சொல்லாத நம்பிக்கையையும் சுமந்து வந்திருந்தது. அதனை எவரும் சோதிக்கவில்லை. காணாமற் போனோர் பதிவேட்டுக்கும் இது பொருந்தும். முகாமில் இருப்பவர் பெயரை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவது சுனாமியின்பின் ஒரு தாய்க்கு மகனைத் தேடித்தரும். போர் நடக்கும் நாட்டிலே அதே பட்டியல் அம்மகனைக் கொல்ல வருபவனுக்கு வழிகாட்டும்.

ஆதலால், முதல் வேலையைத் தொடங்கும்போதே உலகனைத்துக்கும் பொதுவான ஒன்றை ஆக்குவேன் என்று புறப்படுவதை நான் விரும்பமாட்டேன். அப்படிப் புறப்பட்டோரிற் பலர் ஓரூருக்கும் உதவாத ஒன்றைச் செய்து முடித்துள்ளனர். சஹனவை எழுதியோர் முதலிலே தம் கண்முன் இருந்த முகாம்களுக்காகவே எழுதினர், அதுவே சரி. இரண்டாவது இடத்துக்குப் போகும்போதுதான் எது உரல், எது தகடு என்பது தெரியவரும். மூன்றாவது இடத்திலும் அதே திருத்தம் வேண்டப்படுமாயின் அப்போது துணிந்து பிரிக்கலாம்.

இன்னுமொரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். தென்னாபிரிக்காவிலே நிறவெறி ஆட்சி 1994 இல் ஒழிந்தபின், அந்நாட்டுச் சுகாதாரத் தகவல்களைத் திரட்டுவதற்கு ஒரு மென்பொருள் எழுதப்பட்டது. அது நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்திலே வளர்ந்து, டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் பெயரோடு பல நாடுகளிற் பரவியது. எந்த நோய், எந்தப் படிவம், எத்தனை படி நிருவாகம் என்பனவற்றைப் புதிதாகச் செய்நிரல் எழுதாமலே அவ்வந்நாட்டவர் குறித்துக்கொள்ளும் வகையில் அது அமைந்தது. நம் சுகாதார அமைச்சிலும் சில திட்டங்களுக்கு அது முன்னரே வழக்கத்தில் இருந்தது. 2020 ஜனவரியில் கொரோனா நோய் பரவத் தொடங்கியபோது, மருத்துவமும் கணினியும் ஒருங்கே கற்ற மருத்துவர்கள் அடங்கிய நம் நாட்டுக் குழுவொன்று, வெளிநாடுகளிலிருந்து வருவோரைப் பதிந்து அவர்தம் உடல்நிலையைத் தொடர்ந்து கவனிப்பதற்கான ஒழுங்கை அதன்மேல் அமைத்தது. இங்கே முதல் நோயாளி அடையாளங் காணப்பட்டது அம்மாதம் 27 ஆம் நாள். அடித்தளம் முன்னரே இருந்தமையால் வேலை சில நாட்களிலேயே உருப்பெற்றது. ஒஸ்லோவிலிருந்தோர் அதனைப் பார்த்து, எந்நாட்டுக்கும் ஏற்ற பொதுத் தொகுதியொன்றை ஆக்கி வெளியிட்டனர். ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகள் அதனை எடுத்துக்கொண்டன. அவ்வாண்டிலேயே நோர்வேயின் நகரசபைகள் பலவும், நோயாளிகளோடு பழகியோரைக் கண்டறிவதற்கு அதே அடித்தளத்தையே பயன்படுத்தின.